மச்சான், உன் வேஷம் இப்போது என்னிடம்

அன்பு மச்சான்,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். 'ழ' போட்டால் விரல் வலிக்கிறது. கோடு போட்ட தாளிலும் என் வரி மேடு ஏறி இறங்குகிறது. ஆனாலும் இது என் கை. நம் புக்கிட் மெர்தாஜாம் ஊர்க் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் வகுப்பில் கற்றது.

முதல் கடிதம் யாருக்கு என்று வகுப்பில் கேட்டார்கள். உனக்கு என்றேன். தீபாவளிக்குத் தீபாவளி, விருந்தாளிகள் நிறைந்த வீட்டில், "மச்சானுக்கும் ஒரு பேப்பர் குடுங்கலா, வடை எண்ணெய ஒத்தி எடுக்கட்டும்" என்று சொன்ன பேராசிரியர் நீதானே? இப்போது உட்கார்ந்து என் எழுத்தைப் படி. மெதுவாகப் படி. உனக்கு அங்கே வேறு என்ன வேலை?

நான் முழுதாகப் படித்த முதல் பத்திரிகைத் துண்டு உன் மரண அறிவிப்பு. உன் அக்காள் சரோஜா அதைப் பீரோவில் வைத்திருந்தாள். 'மாணவர்களின் அன்பைப் பெற்றவர்' என்று போட்டிருந்தது. எழுத்துக் கூட்டி அந்த வரிக்கு வந்து சேர்வதற்குள் மூச்சு வாங்கியது. வந்து சேர்ந்ததும் சிரித்துவிட்டேன்.

"என்னா தனியா சிரிப்பு?" என்று அக்காள் கரண்டியோடு வந்தாள்.

"உன் தம்பியப் பத்தி ஒரு ஜோக்கு போட்டிருக்காங்க."

இன்னொரு செய்தி. நான் வாராவாரம் ஃபெர்ரிப் படகு ஏறி உன் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறேன். முதலில் பொய் நோயாளியாகத்தான் சேர்த்தார்கள். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுப்பேன். மாணவர்கள் கேள்வி கேட்டுப் பழகுவார்கள். இப்போது அதைவிடப் பெரிய வேஷம். டாக்டர்களுக்குப் பாடம் நடத்தச் சொல்லிக் கொடுக்கும் வகுப்பு ஒன்று வந்திருக்கிறது. உன் காலத்தில் யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். இப்போது அதில் தேறாவிட்டால் விரிவுரையாளருக்குப் பதவி உயர்வு இல்லை.

அந்த வகுப்பை நடத்துவது டாக்டர் கவிதா. நினைவிருக்கிறதா? உனக்குக் கீழே இருந்தவர். உயர்வுக்கு உன் சிபாரிசு கேட்டு வரும்போதெல்லாம் "இன்னும் பழுக்கல" என்று திருப்பி அனுப்பினாயே, அவரேதான். எங்கள் வீட்டு மேசையில் ஆட்டெலும்பை உறிஞ்சிக்கொண்டே அதைச் சொல்லிச் சிரிப்பாய். அவருக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் அவரைத் தாண்டிப் போனார்கள்.

ஒருநாள் தேநீர் வேளையில், கறிபாப் தின்றுகொண்டே, உன்னைப்போல் பேசிக் காட்டினேன். கூட இருந்த பொய் நோயாளிகளைச் சிரிக்க வைக்கத்தான். பின்னால் நின்ற டாக்டர் கவிதாவின் கோப்பையிலிருந்து தேநீர் சிந்தியது.

"அங்கிள், அவர உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் பொண்டாட்டியோட தம்பிமா. கல்யாணமான நாளா வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கேன்."

அவர் சிந்திய தேநீரைத் துடைத்தார். பிறகு கேட்டார்: "வகுப்புல அவரா நடிப்பீங்களா? ஒரு மூத்த டாக்டர் எப்படிப் பேசக் கூடாதுன்னு காட்டணும்." நான் தலையாட்டியதும், "எல்லாம் சொல்லுங்க. அந்த ஒண்ணு மட்டும் வேணாம். இன்னும் பழுக்கலன்னு. அதக் கேட்டா என்னால வகுப்ப நடத்த முடியாது" என்றார்.

அப்படித்தான் மச்சான், நீ செத்தும் வேலைக்குப் போகிறாய். கழுத்தில் கட்டுவது உன் டைதான். அக்காள் தரமாட்டேன் என்றாள். "செத்தவன விட்டுடுங்க" என்று அழுதாள். சமையலறையில் ஒரு தடவை நடித்துக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், டையை எடுத்து வந்து கொடுத்தாள்.

பதவி உயர்வுக் குழு டாக்டர் கவிதாவின் வகுப்பைப் பார்க்க வந்தது. அவருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. ஓய்வு வயது நெருங்கிவிட்டது. தினேஷ் என்ற இளம் விரிவுரையாளர் கட்டில் பக்கத்தில் நின்றார். நான் உன்னைப்போலவே கண்ணாடியைக் கழற்றினேன். ஊதினேன். உன் டை நுனியால் துடைத்தேன். தினேஷைப் பார்க்கவே இல்லை. படுத்திருந்த பொய் நோயாளியிடம் மலாயில் மெதுவாகக் கேட்டேன்:

"ஐயா, இங்க நிக்கிறவரு டாக்டரா, இல்ல உங்கள மாதிரி நம்பர் எடுத்துட்டு வந்தவரா?"

அறையே சிரித்தது. குழுவில் இருந்த சீனக் கிழவர், உன்னோடு வேலை செய்தவராம், ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று மலாயில் கத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தினேஷுக்கு மட்டும், நடிப்பு என்று தெரிந்தும், காது சிவந்துவிட்டது.

பிறகு டாக்டர் கவிதா சரியான முறையைக் காட்டினார். தப்புச் செய்தவனைத் தனியே கூப்பிடு, அவன் பேச்சை முதலில் கேள், அப்புறம் திருத்து என்றார். "ஒருத்தர மட்டம் தட்டினா அவரு வேலைய கத்துக்க மாட்டாரு. ஒளிஞ்சிக்கத்தான் கத்துக்குவாரு." எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

உயர்வு கிடைத்துவிட்டது, மச்சான். கேக் வெட்டினார்கள். கொடுத்த அறை எது தெரியுமா? உன்னுடையது. அவர் பெயர்ப்பலகை உன்னுடையதைவிடச் சின்னது. இரண்டு பக்கமும் உன் ஆணி ஓட்டைகள் தெரிகின்றன. உன் படத்தைக் குடிதண்ணீர் எந்திரத்துக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். தண்ணீர் பிடிக்க வருபவர்கள் எல்லாம் உனக்குக் குனிகிறார்கள்.

இவ்வளவும் எழுதச் சந்தோஷமாக இருந்தது. இனி எழுதப்போவது எப்படி இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

போன வியாழன், வகுப்பு எத்தனை மணிக்கு என்று கேட்க அந்த அறைக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே தினேஷ், உயர்வுக்குச் சிபாரிசு கேட்டு நின்றுகொண்டிருந்தார். டாக்டர் கவிதா கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு டை இல்லை. துப்பட்டா நுனியால் துடைத்தார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, உன்னைவிட மெதுவாக, "இன்னும் பழுக்கல, தினேஷ்" என்றார்.

நான் அந்த வகுப்பில் ஒருநாளும் சொல்லாத வார்த்தை, மச்சான். என்னிடமிருந்து போயிருக்க முடியாது.

தினேஷ் வெளியே வந்தார். அதே சிவந்த காது. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார். "அங்கிள், அடுத்த வாரமும் நீங்கதானே அந்தக் கெட்ட டாக்டரு?"

நீ சந்தோஷப்படு. "மகன் ஜுரு பக்கம் கார் விக்கப் போயிட்டான், எனக்கு வாரிசில்ல" என்று புலம்புவாயே. வந்தாயிற்று. உன் அறையில், உன் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. ஒன்று கேட்கிறேன்: உனக்கு அதை முதலில் சொன்னது யார்? உன் காது எப்போது சிவந்தது? இத்தனை தீபாவளியில் அதை நீ சொல்லவே இல்லையே.

வரும் வியாழன் உன் டையைக் கட்டமாட்டேன். அக்காளின் துப்பட்டாவைக் கேட்டு வாங்கிவிட்டேன். எல்லோர் முன்னாலும் கண்ணாடியைக் கழற்றி அதன் நுனியால் துடைப்பேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, வேண்டாம் என்று டாக்டர் கவிதா கேட்டுக்கொண்ட அந்த ஒன்றைச் சொல்வேன். உன் குரலில் இல்லை, அவர் குரலில். அவர் முகம் என்ன ஆயிற்று, தினேஷ் சிரித்தாரா என்பதையெல்லாம் அடுத்த ஞாயிறு இதே கோணல் எழுத்தில் உனக்கு எழுதுவேன். வேலையை விட்டுத் துரத்தினாலும் எழுதுவேன்.

பெருவிரல் மையைக் கழுவிவிட்ட
உன் அக்காள் புருஷன்,
முனியாண்டி