மலையில் கூப்பிட்ட பெயர்

இஞ்சாருங்கோ,

இன்றைக்கு மத்தியானம், பாரிசில் எங்கட தமிழ்க்கடைகள் இருக்கிற லா சப்பலில், ஒரு கடைக்காரர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். கொத்துரொட்டி போடுகிற தட்டுச் சத்தம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. எண்ணெய் மணமும் வெங்காய மணமும் மேலங்கியெல்லாம் ஏறிவிட்டன. அதற்குள்ளே நான் வாயைத் திறந்தபடி நின்றேன், சத்தம் வரவில்லை.

உங்களுடைய மூன்றாவது திவசத்துக்கு இருபது பேருக்கு மரக்கறிச் சாப்பாடு சொல்லப் போயிருந்தேன். முதல் இரண்டு வருடமும் மகள்தான் போனில் எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணினவள். இப்போது அவளுக்கு லியோனில் வேலை. "மம்மா, சே ஃபசில், நீங்களே போய்ச் சொல்லுங்கோ" என்றுவிட்டாள். சுலபமாம்! கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, பயற்றங்காய் வறை, வடை, பாயாசம் என்று நானும் மளமளவென்று சொல்லிக்கொண்டுதான் போனேன். கடைக்காரர் கொப்பியைப் புரட்டினார்.

"போன வருசமும் இஞ்சைதானே எடுத்தனீங்கள்? அதைப் பாத்து அப்பிடியே போடுறன். என்ன பேரிலை இருக்கு, அக்கா?"

மகள் உங்கள் பெயரில்தான் கொடுத்திருக்கிறாள். வேறு எந்தப் பெயரில் கொடுப்பாள்? அந்தப் பெயரை நான் எப்படி வாயால் சொல்வது? எனக்குப் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால் எப்படி நின்றிருப்பீர்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்திருப்பீர்கள். அந்த மலைப் பயணத்தில், முதல் மூன்று நாளும், அப்படித்தானே நின்றீர்கள்.

பதின்மூன்று வருடத்துக்கு முந்திய அந்த ஆவணியில் நீங்கள் வேலை செய்த ரெஸ்டோரன்டை மூன்று கிழமை பூட்டினார்கள். மகள் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு கடற்கரை முகாமுக்குப் போய்விட்டாள். ஒருநாள் காலையில் பிளேன்ரீயைக் குடித்தபடி, "மலைக்குப் போவம் இஞ்சேரும்" என்றீர்கள். எங்கே தங்குவது என்று கேட்டேன். "போற இடத்திலை" என்றீர்கள். எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதினாலும் சிரிப்பு வருகிறது. பாரிசுக்குப் பக்கத்திலேயே பொண்டியில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போவதென்றாலே நான் இரண்டு நாள் முன்னே போன் பண்ணுகிறவள். ஆவணி மாதம், பிரெஞ்சுக்காரர் பாதிப்பேர் மலையில் நிற்கிற மாதம், நீங்கள் அறை சொல்லாமல் அல்ப்ஸ் ஏறப் போகிறீர்கள். சோம்பல் என்றுதான் நினைத்தேன். போன் பண்ணிப் பிரெஞ்சில் கதைக்கப் பஞ்சி என்று முகத்துக்கு நேரேயே சொன்னேன். நீங்கள் கார் டிக்கியைத் திறந்து, நான் நீட்டிய ரைஸ் குக்கரை வாங்கி வைத்தீர்கள்.

முதல் நாள் நாலு கதவில் 'கொம்ப்ளே' என்று பலகை தொங்கியது. இடமில்லை என்பதை அவ்வளவு அழகான பூச்சட்டிக்கு மேலே எழுதித் தொங்கவிட அவர்களுக்குத்தான் முடியும். ஐந்தாவது வீட்டில் ஒரு அம்மா, கையெல்லாம் கோதுமை மாவோடு வந்து, ஒரு அறை இருக்கிறது என்றார். பிறகு கொப்பியை எடுத்து, எந்தப் பெயரில் எழுத என்று கேட்டார். நான் உங்களைப் பார்த்தேன். உங்களுக்கும் அந்தப் பிரெஞ்சு நன்றாக விளங்கும். நீங்களோ கூரையைப் பார்த்தீர்கள். மரத்தீராந்திகளை எண்ணி முடிக்காவிட்டால் வேலை போய்விடும் என்பதுபோல ஒரு பார்வை. வேறு வழியில்லாமல் என் அடையாள அட்டையை எடுத்து வைத்தேன். அதில் என் பெயருக்குப் பின்னால், இன்னாரின் மனைவி என்று உங்கள் பெயர் அச்சில் இருக்கிறதே. அந்த அம்மா அதை நாலு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டையும் வேறு வேறு விதமாகப் பிழையாக வாசித்தார். நீங்கள் "வீ, வீ" என்று தலையாட்டினீர்கள்.

இரண்டாம் நாளும் அதே கேள்வி, அதே கூரை, அதே அட்டை. மூன்றாம் நாள் காலை காரில் ஏறியதும் நான் கேட்டேவிட்டேன்.

"உண்மையைச் சொல்லுங்கோ. இதுக்காகத்தானே ஒரு இடமும் புக் பண்ணாமல் வந்தனீங்கள்?"

"ஓம்" என்றீர்கள், கொஞ்சமும் வெட்கமில்லாமல். "ஏழு நாள், ஏழு கதவு. ஒரு கதவிலையாவது வாய் தவறி என்ரை பேரைச் சொல்லுவீர் எண்டு பாத்தன்."

"சொன்னால் உங்களுக்குத்தான் ஆயுசு குறையும்."

எங்கள் வீட்டில் யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை, அவ்வளவுதான். மாமியின் கணவருக்கும் அதே பெயர் என்பதால் அவரைக்கூட அம்மா சுற்றி வளைத்துத்தான் சொல்லுவா. இந்த நம்பிக்கை மூடத்தனம் என்று என்னோடு அலுவலகம் துப்புரவாக்குகிற பிள்ளைகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். உங்கள் விஷயத்தில் மட்டும் அந்தத் துணிவு வரவில்லை.

நீங்கள் சிரிப்பீர்கள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. ஊசி வளைவொன்றில் கியரை மாற்றிக்கொண்டு, ரோட்டில் இருந்து கண்ணை எடுக்காமல் கதைத்தீர்கள். பாரிசுக்கு வந்து ஏழு வருடம் இன்னொருவரின் அட்டையில் குசினியில் வேலை செய்ததை, சட்டி கழுவும்போது அந்த ஆளின் பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகியதை. சொந்தப் பேப்பர் கிடைத்த பிறகும் ஷெஃப் பழைய பெயரையே கூப்பிட்டதை. எங்கட ஆட்களுக்கு நீங்கள் அண்ணை, இல்லாவிட்டால் மச்சான். விசா கொடுக்கிற பிரெஃபெக்சரில் உங்கள் பெயர் தும்புதும்பாகக் கிழியும்.

"ஞாயிற்றுக்கிழமையிலை அம்மா எடுப்பா. போனைத் தூக்கினவுடனை முதல்லை பேர்தான். பிறகுதான் சுகம் கேப்பா" என்றீர்கள். "இப்ப என்ரை பேரைச் சரியாச் சொல்ல ஒருத்தரும் இல்லை."

உங்கள் அம்மா வன்னியில் இருந்தவ. 2009 வைகாசிக்குப் பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வரவில்லை. அதற்குப் பிறகும் நீங்கள் இரண்டு வருடமாக ஞாயிறு காலையில் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் சவரம் செய்தீர்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எல்லாம் தெரிந்த எனக்கு அன்று காரில் வாயில் வந்தது என்ன தெரியுமா? "பசிக்குதோ?" என்று கேட்டேன். என்னை நானே இரண்டு அறை அறையவேண்டும்.

நாலாம் நாள் இசெரான் கணவாய். அவ்வளவு உயரத்துக்கு எங்கள் பழைய கார் மூச்சு வாங்கி ஏறியது. உச்சியில் கல்லால் கட்டிய ஒரு சின்னத் தேவாலயம். பிரெஞ்சில் அதற்கும் சப்பல் என்றுதான் பெயர். "பாத்தீரே, இஞ்சையும் எங்களுக்கு ஒரு சப்பல் கட்டி வைச்சிருக்கிறாங்கள்" என்று சொல்லிக்கொண்டு இறங்கினீர்கள். அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னீர்கள். எனக்குக் குளிரில் பல் அடித்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள்ளேயே இருந்தேன்.

முகில் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது தேவாலயம் இல்லை. ரோடு இல்லை. காரின் முன்பக்கம் பாதிதான் இருந்தது. இறங்கி நின்று "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. ரோட்டுக் கரைக்கு அந்தப்பக்கம் கிடுகிடு பள்ளம் என்பதை ஏறும்போதே பார்த்திருந்தேன். இன்னும் நாலைந்து தரம் "இஞ்சாருங்கோ" என்று கத்தினேன். யாரோ ஒரு சைக்கிள்காரர் பிரெஞ்சில் ஏதோ கேட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். அந்தச் சொல் அந்த மலையில் யாருக்கும் சொந்தமில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

உங்கள் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

ஒரு தரம். இரண்டாம் தரம் குரல் உடைந்தது. மூன்றாம் தரம் அடிவயிற்றிலிருந்து வந்தது. உடனே, பத்தடி தூரம்கூட இல்லை, தேவாலயச் சுவருக்குப் பின்னால் இருந்து, "ஓம், இஞ்சை நிக்கிறன்" என்றீர்கள்.

முதல் தரமே கேட்டதாம். இன்னொருக்கா கேட்க ஆசையாக இருந்ததாம். சால்வையைச் சுருட்டி உங்களை முதுகில் அடித்தேன். அடித்துக்கொண்டே அழுதேன். உங்கள் கண்ணும் நனைந்திருந்தது. முகிலின் ஈரம் என்று நீங்கள் சொன்னதை நான் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன். "அம்மா கூப்பிட்ட மாதிரியே இருந்தது" என்று மட்டும் சொன்னீர்கள். நான் மனதுக்குள் எல்லாக் கடவுளிடமும் மன்னிப்புக் கேட்டேன். தவறிச் சொன்னது, கணக்கில் எடுக்காதே என்று. அன்று மாலை அடுத்த கதவில் நான் பழையபடி அட்டையைத்தான் நீட்டினேன். நீங்கள் கூரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் வந்து உங்கள் பெயரை நீங்களே நிறுத்தி நிதானமாகச் சொன்னீர்கள். மிச்ச மூன்று நாளும் அப்படித்தான். அந்தப் பயணத்தில் நாங்கள் பார்த்த ஏரிகளை எல்லாம் மறந்துவிட்டேன். கலிபியே கணவாய் ஏறும்போது நீங்கள் சீழ்க்கை அடித்துக்கொண்டு வந்தது மட்டும் நினைவிருக்கிறது.

பிறகு, பல வருடம் கழித்து, ஆஸ்பத்திரி. மருந்து கொண்டு வருகிற தாதி ஒவ்வொரு தரமும் பெயரும் பிறந்த திகதியும் கேட்பாள். ஆள் மாறிவிடக்கூடாது என்பது அவர்கள் முறை. உங்களுக்குக் குரல் இறங்கத் தொடங்கியதும் நீங்கள் தலையை என் பக்கம் திருப்புவீர்கள். முதல் நாள் நான் சொன்னது தாதிக்குக் கேட்கவே இல்லை. இரண்டாம் கிழமை அவள் கதவைத் திறக்க முன்னமே சொல்லப் பழகிவிட்டேன். சொல்லும்போதெல்லாம் உங்கள் உதடு ஒரு பக்கம் இழுத்துச் சிரிக்கும். ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டேன்.

"அண்டைக்கு நான் மலையிலை கூப்பிட்டதாலையோ இது?"

மூச்சை இழுத்து இழுத்து நீங்கள் சொன்னது: "பைத்தியம். அது நடந்து பத்து வருசம். இந்த வேகத்திலை குறையிறதெண்டா இன்னும் ரெண்டு தரம் கூப்பிடும், இருபது வருசம் இருப்பன்."

நான் சிரித்தேன். ஆனால் நம்பவில்லை. இன்றைக்கு, அந்தக் கடைக்காரர் பேனையோடு நின்றபோதுதான், ஏன் என் வாய் திறக்கவில்லை என்று எனக்கே விளங்கியது. பிரெஞ்சுக்காரருக்கு முன்னால் சொன்னது வேறு. அவர்களுக்கு இது வெறும் பெயர். எங்கட ஆட்களுக்கு முன்னால் நான் உங்கள் பெயரைச் சொன்னால், சொல்லக்கூடிய நிலைமைக்கு நான் வந்துவிட்டேன் என்று பொருள். இனிக் குறைவதற்கு உங்களுக்கு ஆயுசு இல்லை என்று நானே என் வாயால் ஒப்புக்கொள்வது. மூன்று வருடமாக நான் ஒளித்து வைத்திருந்தது அதைத்தான்.

சொன்னேன். கொத்துத் தட்டுச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "என்னக்கா?" என்றார். இரண்டாம் தரமும் சொன்னேன். அவர் காதை முன்னுக்கு நீட்டினார். மூன்றாம் தரம் அடிவயிற்றிலிருந்து வந்தது. கொத்துப் போடுகிறவர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார். கடை முழுக்கத் திரும்பியது. நான் கதவுப்பக்கம் பார்த்தேன். மூன்றாம் தரத்துக்குத்தானே நீங்கள் பதில் சொல்வீர்கள்.

"ஓம், இருக்கு அக்கா" என்றார் கடைக்காரர், கொப்பியில் விரலை வைத்து.

வீட்டுக்கு வந்து மேலங்கியைக்கூடக் கழற்றாமல் இதை எழுதுகிறேன். இதிலும் உங்கள் பெயரை எழுதவில்லை, கவனித்தீர்களா? எழுதினால் யாராவது பிழையாக வாசித்துவிடுவார்கள். அது என் வாயிலேயே இருக்கட்டும். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலையில் நான் கூப்பிடுகிறேன், முதலில் பெயர், பிறகு சுகம்.