ஏசியா டிசியா: ஒரு தொட்டிப் பந்தயம்

மார்ச் 3
பட்டறையில் என்னோடு வேலை பார்க்கும் மச்சான் டிசி வெல்டிங் மெஷின் வாங்கிவிட்டான். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கிறது. பதினோரு வருடமாகச் சோறு போடும் என் ஏசி மெஷினைப் பார்த்து, "இந்த எருமைய எப்ப அத்தான் விக்கப் போறீங்க?" என்கிறான். வயிறு எரிகிறது.

மார்ச் 4
பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றி மாட்டிவிட்டு அரை நாள் வெல்டிங் ராடைத் திட்டினான். ஏசியில் அந்த வம்பே கிடையாது, எப்படி மாட்டினாலும் எரியும். சொல்லவில்லை. விசிலடித்தேன்.

மார்ச் 6
பேச்சு முற்றிவிட்டது. தனிக்கடை பார்த்து வைத்திருக்கிறானாம். போகட்டுமே! எனக்கென்ன? ஓட்டல்காரர் கேட்ட தண்ணீர்த் தொட்டியில் பந்தயம்: யார் வைத்த வெல்டிங் பற்று ஒழுகுகிறதோ அவர் பட்டறையை விட்டு வெளியே.
"மெல்லிசு ஷீட்டுல ஏசி ஓட்ட போடும்" என்றான். அப்படியா? மெல்லிசு ஷீட்டான பக்கச் சுவர்களை நான் எடுத்துக்கொண்டேன். "தடித் தகட்டு மூலைல டிசி நெருப்பு ஒரு பக்கமா ஓடும்டா" என்றேன். தடித் தகடான அடிப்பாகத்தை அவன் எடுத்துக்கொண்டான். இரண்டு பேருக்கும் புத்தி அவ்வளவுதான்.

மார்ச் 9
தண்ணீர் நிரப்பினோம். என் சுவரில் ஆறு இடத்தில் பீய்ச்சுகிறது. அவன் மூலைகள் நாலும் அழுகின்றன.
அவன் அக்காள், அதாவது என் வீட்டுக்காரி, வந்து பார்த்தாள். "ரெண்டு பேரும் சேந்து நல்ல பூவாளி செஞ்சிருக்கீங்க. பந்தயப்படி ரெண்டு பேருமே வெளிய போங்க. பட்டறைய நான் பாத்துக்கறேன்."
ஓட்டல்காரருக்கு நாளை மறுநாள் தொட்டி வேண்டும்.

மார்ச் 10
இடம் மாறிக்கொண்டோம், வாயைத் திறக்காமல். மூலையில் என் நெருப்பு சொன்ன இடத்தில் நின்றது. அவன் சுவரில் போட்ட பற்று — வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன் — அழகு.

மார்ச் 11
ஒரு சொட்டு இல்லை. தொட்டி ஓட்டலுக்குப் போய்விட்டது. யார் ஜெயித்தது என்று இருவரும் கேட்கவில்லை. தனிக்கடைப் பேச்சையும் அவன் எடுக்கவில்லை. போய்விடுவானோ என்று எனக்குத்தான் கவலை.

மார்ச் 17
மச்சானுக்குக் காய்ச்சல், மூன்றாவது நாள். யாரும் பார்க்காதபோது டிசியை எடுத்து ஒரு ராடு ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி ஓடுகிறது! இது நல்லா இல்லை என்று இனி யாரிடம் சண்டை போடுவது? அவன் இல்லாமல் பட்டறை நன்றாகவே இல்லை.
சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். கிளம்பும்போதுதான் வீட்டுக்காரி சொன்னாள், தனிக்கடை வேண்டாம் என்று நேற்றே அவளிடம் சொல்லிவிட்டானாம். என்னிடம் மூச்சு விடவில்லை. நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.
"சீக்கிரம் எந்திரிச்சு வாடா. மெல்லிசு ஷீட்டு வேலை மலையா குவிஞ்சு கெடக்கு" என்றேன்.
பட்டறையில் கிடப்பது ஒரே ஒரு தபால் பெட்டி.