ஆத்தாளிடம் சொன்ன வெள்ளிக்கிழமை

ஆகஸ்ட் 4, திங்கள்

அக்கா குளிக்கப் போனதும் அவள் செல்போனை எடுத்துப் பார்த்தேன். வெட்கக்கேடுதான். புள்ளி புள்ளியாகக் காட்டியது. எனக்குத் தெரிந்த கோலத்தையெல்லாம் போட்டேன், பூட்டிக்கொண்டது. ஐந்தாவதோடு நின்றவளுக்கு ஒற்றர் வேலை எதற்கு?

காரணம் இருக்கிறது. எங்கள் ஏரிக்குள் போர் போட்டு, தண்ணீரை உறிஞ்சி பாட்டிலில் அடைத்து விற்க ஒரு கம்பெனி வந்திருக்கிறது. அதை எதிர்க்கும் கமிட்டிக்கு அக்காதான் தலைவி. ஊரில் பாதிப்பேர் அவளிடம் படித்தவர்கள். ரிட்டயர் ஆன பிறகும் மைதிலி டீச்சர் என்றால் எழுந்து நிற்கிறார்கள். ஆனால் போன வாரம் ரோட்டை மறிக்கப் போனால், எங்களுக்கு முன்னால் போலீஸ் நிற்கிறது. இன்று கம்பெனி முதலாளி வருகிறார் என்று கறுப்புக்கொடியோடு காத்திருந்தோம். ஆள் வரவேயில்லை. யாரோ முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

கம்பெனி மேனேஜர் சிவக்குமாரும் அக்காவிடம் படித்தவன்தான். அவன் போன் பண்ணினால் அக்கா கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

ஆகஸ்ட் 5

நேராகவே கேட்டேன்.

"கமிட்டிய உட்டுட்டா அடுத்த தேர்தல்ல பிரசிடெண்டு சீட்டு வாங்கித் தர்றானாம்" என்றாள்.

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"ஏழாங்கிளாஸ்லயே உனக்குக் கணக்கு வராது, இன்னுமாடா வரலைன்னேன்."

"அதுக்கு எதுக்குக் கதவச் சாத்தோணும்?"

"சாத்தலைன்னா நீ அடுப்புல பால வெச்சுட்டு இங்கயே நிப்ப, அம்முணி."

சிரித்தேன். நம்பினேனா? முக்கால்வாசி.

ஆகஸ்ட் 9, சனி

டீக்கடை மருதாசலம் கமிட்டியில் இருக்கிறார். என்னைப் பார்க்காமல் டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "டீச்சர் வெலை போயிட்டாங்கன்னு பேசிக்கறாங்க. நாளைக்குக் கூட்டத்துல வேற ஆளப் போடலாம்னு இருக்கோமுங்க."

"எங்கக்காள வெலைக்கு வாங்குனவன் பாவமுங்க. தெனமும் வாய்ப்பாடு ஒப்பிக்கோணும்" என்றேன்.

கடையே சிரித்தது. வீடு வரை எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மருதாசலமே ஏன் சொல்லியிருக்கக் கூடாது? பால்காரர்? கூட்டத்தில் எப்போதும் பின்னால் உட்காருகிறவர்கள் எல்லோரும்?

ஆகஸ்ட் 10

கூட்டம். அக்கா வாதாடவில்லை. "இன்னும் ஒருக்கா பாருங்க. அந்தச் சேதியும் வெளிய போச்சுன்னா நானே எறங்கிக்கறேன்" என்றாள். முப்பது வருசம் நின்று பாடம் நடத்தியவள், உட்கார்ந்தபடி இதைச் சொன்னாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மாரியாத்தா கோயிலுக்குப் போனேன். ஒவ்வொரு போராட்டத்துக்கும் முன்னால் நான் பூக் கேட்பேன். அக்காவுக்கு இதெல்லாம் பிடிக்காது, அவளிடம் சொன்னதில்லை. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். ஆத்தா முன்னால் வைத்து, பூசாரி ஒன்றை எடுப்பார்; வெள்ளை வந்தால் காரியத்துக்கு இறங்கலாம்.

மாதையன் பூசாரி எப்போதும் போலச் சொன்னார்: "வாய்விட்டு வெவரமாச் சொல்லு சாமி. எந்தக் கெழமை, எத்தன மணி, எந்த எடம்."

வாயைத் திறந்தேன். அப்படியே நின்றேன்.

பூசாரிக்குப் பின்னால் அவர் மகன் சிவபிரகாஷ் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான். கம்பெனிச் சட்டை. அவன் அங்கே டிரைவர். நான் வரும்போதெல்லாம் அவன் எண்ணெய்தான் ஊற்றுகிறான்.

வயிற்றுவலி என்று சொல்லி வந்துவிட்டேன்.

அடக் கடவுளே. ஊரையே சந்தேகப்பட்டேனே — காட்டிக் குடுத்தது நாந்தானா? எங்கக்கா பேரு கெட்டது என்னாலயா?

ஆகஸ்ட் 13

சொல்லிவிட்டேன். அக்கா திட்டவில்லை, அதுதான் கஷ்டம்.

"ஆத்தாளுக்குத் தேதி தெரியாதா? நீ போய்த்தான் சொல்லோணுமா?" என்றாள். பிறகு, "அடுத்த வெள்ளிக்கெழம நாமக்கல் கலெக்டர் ஆபீசுக்கு ஊரே போகுதுன்னு போய்ச் சொல்லு."

"சாமிகிட்டப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"ஊர் காலியா இருந்தாத்தான் சிவக்குமாரு போர் போடற ரிக்க எறக்குவான். நாம ஏரில இருப்போம்."

நான் மாட்டேன். கண் அவிந்துபோகும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வழி கிடைத்தது. ஆத்தா முன்னால் சத்தமாகவே சொன்னேன்: வெள்ளிக்கிழமை, பத்து மணி, கலெக்டர் ஆபீஸ் வாசலில் மறியல்.

"எத்தன பேரு சாமி?" என்றார் பூசாரி.

"அது ஆத்தாளுக்குத் தெரியுமுங்க."

வெள்ளைப் பூ வந்தது. சிவபிரகாஷ் எண்ணெயை வழியவிட்டான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சொன்னது பொய்யாகக் கூடாதென்று போனேன், நான் மட்டும். வாசலில் வேன் வேனாகப் போலீஸ்.

"மத்தவங்க எங்கம்மா?" என்று ஒரு போலீஸ்காரம்மா கேட்டார்.

"நான் பத்தாதுங்களா?" என்று உட்கார்ந்துவிட்டேன்.

கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். நூறு பேருக்குத் தக்காளி சாதம் வந்திருந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். சாயங்காலம் விட்டார்கள்.

ஊர் காலி என்று நம்பி சிவக்குமார் ரிக் வண்டியை ஏரிக்குள் இறக்கியிருக்கிறான். கருவேல மரங்களுக்குப் பின்னாலிருந்து ஊரே எழுந்து வந்ததாம், முன்னால் அக்கா. தாசில்தார் வந்து போர் போடப் பர்மிட் கேட்டார், அவனிடம் இல்லை. வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார். மருதாசலம் எல்லோருக்கும் முன்னால் அக்காவுக்குத்தான் டீ ஊற்றினாராம்.

திரும்பும்போது வண்டி சேற்றில் இறங்கிக்கொண்டது. போனால் போதுமென்று நம் சனமே தள்ளிவிட்டது. அக்காவும் தள்ளினாள். அவளுடைய இடது செருப்பு உள்ளே போய்விட்டது. வலது செருப்பை மட்டும் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள்.