அந்தூரியம் கருகின காரணம்

திவா,

ரெண்டு நாளாக் கதைக்காம இருந்தது நான்தான். அதால நானே எழுதிறன். ஹோலுக்குள்ள இருக்கிற அந்தூரியத்தின்ட இலை கருகினது நீங்க தண்ணி கூட ஊத்தினதால இல்ல! விடியக் கண்டுபிடிச்சிட்டன்!

சாடியில இருந்த தும்புத்தூளைக் கொஞ்சம் நாக்கில வைச்சுப் பார்த்தன். கருவாடு தோத்திடும், அவ்வளவு உப்பு! அண்ணன் தேங்காய் மட்டையை வாவி உப்புத் தண்ணிக்குள்ள ஊறப்போட்டுத்தானே தும்பு அடிக்கிறவர். சும்மா கிடைச்ச தூள் எண்டு கழுவாமக் கொட்டினது நான். நீங்க வாளி வாளியா ஊத்தின தண்ணிதான் அந்த உப்பைக் கரைச்சு வெளியேத்தியிருக்கு. நடுவில சிவப்பாக் குருத்து ஒண்டு வந்திருக்கு, ஓடிப்போய்ப் பாருங்க!

மிச்சத் தூளைக் குசினிக்குள்ள பெரிய வாளியில கிணத்துத் தண்ணி விட்டு ஊறப்போட்டிருக்கன். பத்து மணிக்கு வடிச்சிட்டு, மறுகா புதுத் தண்ணி விடுங்க. நாக்கில வைச்சா உப்புக் கரிக்கிறது நிக்கிற வரைக்கும் மாத்தோணும்.

ஜிப்ரி நானா காஞ்ச மாட்டெரு கொண்டு வருவார். வாசலோட இறக்கச் சொல்லுங்க. நான் நெல்லு மில்லுக்கு உமிக்கரி எடுக்கப் போறன். எல்லாத்தையும் கலந்து, பின்னேரமே சாடி மாத்திறம்!

மேனுகா

சோறும் மீன்குழம்பும் மூடி இருக்கு. இந்தச் சந்தோசத்தில குழம்புக்கு உப்புப் போட மறந்திட்டன். செடிக்குத்தான் அள்ளிப் போட்டிருக்கன், குழம்புக்கு நீங்களே போடுங்க.

அந்தூரியத்துக்கு இண்டைக்கும் தண்ணி ஊத்துங்க. உங்கட அளவுக்கே ஊத்துங்க.