அவர் திரும்பும் இடம்

சித்தூர்,
1976, ஞாயிறு மாலை

அன்புள்ள உங்களுக்கு,

நகரியில் நாடகம் முடிந்ததும் உங்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன போலீஸ்காரர்கள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று இன்னும் சொல்லவில்லை. எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியாமலே எழுதுகிறேன்.

உங்கள் வேடத்தை நாகபூஷணத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். "அவன் வர்ற வரிக்கும்தாம்மா," என்றார் கிருபானந்தம் அண்ணன். நான் தலையாட்டினேன். இன்று சர்ச்சில் ஆராதனை முடிந்து அண்ணன் ஒத்திகை வைத்தார். வழக்கம்போல் வசனம் எடுத்துக்கொடுக்கத் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நீதிபதியிடம் பேசும் கட்டத்தில் ஒரு வரி உங்களுக்கு எப்போதும் மறந்துபோகும். என் பக்கம் திரும்புவீர்கள். நாகபூஷணமும் அங்கேயே திரும்பினான். என் வாய் தானாக அந்த வரியைச் சொல்லிவிட்டது.

"ஏன்டா, மறந்துபோச்சா?" என்றார் அண்ணன்.

"மறக்கலண்ணா. தேவானந்தம் அண்ணன் இங்க திரும்புவாரே. நாடகமே அப்படித்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"அவன் பொண்டாட்டிய அவன் பாத்தான். நீ எதுக்குடா பாக்குற?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவன் கழுத்தைச் சாய்த்ததுகூட உங்களைப் போலவே இருந்தது.

"அங்க திரும்புறத எடுத்துடட்டுமா அண்ணி?" என்று கேட்டான்.

"வேணாம், இருக்கட்டும்," என்றேன்.

மறுபடியும் அந்தக் கட்டம் வந்தது. திரும்பினான். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. நீங்களாக இருந்தால் காத்திருப்பீர்கள். அவன் கொஞ்சம் பார்த்துவிட்டு, வரியைத் தானே சொல்லி, மேலே போய்விட்டான்.

நீங்கள் திரும்பி நான் எடுத்துக்கொடுக்காவிட்டால் அந்த இடத்தில் நாடகம் நின்றுவிடும் என்றுதான் இவ்வளவு நாளும் நம்பியிருந்தேன். சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் மனைவி