மாமா கையில் கறுப்பு டேப்

ஏங்க, நீங்கள் வேலை முடிந்து வருவதற்குள் நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சோற்றை மூடி வைத்திருக்கிறேன். மாமாவுக்கு நன்றாகக் குழைத்துக் கொடுங்கள். சாயந்திரம் நர்ஸம்மா மறுபடி வருவார்.

காலையில் அவர் மாமா கையிலிருந்த மருந்துக் குழாயைப் பிரித்தபோது, நீங்கள் சுற்றிய கறுப்பு டேப்போடு தோலும் உரிந்து வந்துவிட்டது. அந்தக் கையில் இனி ஊசி குத்த இடமில்லை. கம்பெனியில் கார் எஞ்சின் பக்கத்து ஒயருக்குச் சூடு தாங்குகிற துணி டேப், கதவில் உரசுகிற ஒயருக்கு மெத்தென்ற டேப் என்று பார்த்துப் பார்த்துச் சுற்றுகிற மனுஷன், பெத்த அப்பாவுக்கு மட்டும் கைக்கு வந்ததையா ஒட்டுவீர்கள்? தோலில் ஒட்டுகிற காகித டேப் தலையணைப் பக்கம்தான் இருந்தது.

நேற்று நமக்குள் வந்த சண்டை அப்படியே இருக்கட்டும்.

ஓரத்தில் எழுதுகிறேன்: "யார் இதைச் சுத்தினது?" என்று நர்ஸம்மா கத்தினார். மாமா சொன்னார்: "நான்தாம்மா. என் பையன் ஒயர் வேலைக்காரன். எந்த டேப் எங்கன்னு அவனுக்குத் தெரியாதா?"