வாப்பாவுக்குப் பள்ளியோடு கோபமில்லை

ஏறாவூர்
வெள்ளிக்கிழமை பின்னேரம்

அன்பு மகள் ஸுஹைனாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே சுகம், இந்த முறை பேச்சுக்காக எழுதவில்லை, மெய்யாகவே சுகம். கத்தாரில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் அப்படியே இருக்க துஆக் கேட்கிறேன். உன்னிடம் சொல்லக்கூடாது என்று வாப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார், இன்றோடு அது தீர்ந்தது. போனில் சொன்னால் பக்கத்தில் இருந்து இருமுவார், அதனால் பக்கத்து வீட்டு ஷஸ்னா கத்தாருக்கு வரும்போது அவள் கையில் கொடுத்துவிட இதை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை பாங்கு சொல்வதை விட்டு, பள்ளிவாசலுக்கே போகாமல் அவர் வீட்டில் தொழுததும், பாங்கு மைக் பற்றி வந்த வாக்குவாதத்தில் நிர்வாகத்தோடு கோபம் என்று ஊர் கதைத்ததும் உனக்குத் தெரியும், நீயும் அவரை ஏசினாய். பள்ளித் தலைவர் றிஸ்வி ஹாஜியார் ஒரு தட்டு வட்டிலப்பத்தோடு வீடு தேடி வந்து, அந்த மைக் விசயத்தில நான் கதைச்சது பிழதான் மச்சான், மனசில வெச்சிக்கிறாதீங்க என்று மன்னிப்புக் கேட்டார். உன் வாப்பா ஓம் ஓம் என்று தலையாட்டி வட்டிலப்பத்தை வழித்துச் சாப்பிட்டார், தண்ணீரை மட்டும் தொடவில்லை. அவ்வளவு இனிப்பைத் தின்றுவிட்டு யார் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்? ஹாஜியார் வாசல் படலையைத் தாண்டியதும் வாப்பாவைப் பிடித்துக்கொண்டேன். ஒண்டுமில்ல, உடம்புச் சூடு என்றார், நான் விடவில்லை. பிறகுதான் கண் கலங்கச் சொன்னார், சிறுநீர் பாதியில் நின்றுவிடுமாம், உடம்பைச் சரித்தால்தான் மறுபடி வருமாம், எரிவாம், இரத்தமும் போனதாம். தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுத்த பிறகும் சொட்டி அது முறிவதால், சஃப்பில் மற்றவர்களோடு வரிசையாக நிற்கப் பயந்து, குடிப்பதைக் குறைத்தால் சரியாகும் என்று தொண்டையைக் காயப் போட்டிருக்கிறார். இதைச் சொல்ல வெட்கப்பட்டு, கோபக்காரன் என்ற பெயரைச் சுமந்திருக்கிறாரே என்று எனக்கு நெஞ்சு வெடித்தது.

மறுநாளே மட்டக்களப்புக்கு இழுத்துப் போனேன். சிறுநீர் சோதித்து ஸ்கேன் பார்த்த டொக்டர், சிறுநீர்ப்பையில் கொட்டைப்பாக்களவு கல் என்றார். வயதோடு புரொஸ்டேட் வீங்கிப் பாதையை நெருக்க, உள்ளே தேங்கி நின்ற சிறுநீர்தான் கல்லாகியதாம், தண்ணீர் குடிக்காமல் விட்டது அதற்குத் தீனி போட்டதாம். வாப்பா என்னைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்தார். வயிற்றைக் கீறாமல் சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவி விட்டு, லேசரால் உடைத்துக் கழுவி எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாள் குழாயும் பையுமாக இருந்தார், இப்போது அதுவும் இல்லை. வீக்கத்துக்குக் குளிசை மட்டும் குடிக்கிறார்.

இன்று நடந்ததைக் கேள் கிளி. குசினியில் மீன் ஆணம் வைத்துக்கொண்டிருக்க, ஜும்ஆவுக்குப் பாங்கு கேட்டது. முதல் சொல்லிலேயே என் கை நின்றுவிட்டது, உன் வாப்பாவின் குரல். முடியும்வரை அழுதேன், சிரித்தேன், ஆணம் அடிப்பிடித்தது, பிடிக்கட்டும். தொழுகை முடிந்ததும் பள்ளி முற்றத்தில் நின்று வயதாளிகளிடமெல்லாம், வெக்கப்படாம போய் ஸ்கேன் எடுங்க என்று சொன்னாராம். ஊருக்கே சொன்னவருக்கு உன்னிடம் சொல்லத்தான் வெட்கம். ஹாஜியார் எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு, ஆட்கள் கலைந்த பிறகு மெதுவாகக் கிட்ட வந்து, எந்த டொக்டர் மச்சான் என்று கேட்டாராம். இனி வட்டிலப்பம் கொண்டு போவது என் முறை.

மருமகன் வெயிலில் வேலை செய்கிறவர், தண்ணீர் குடிக்கச் சொல், சிறுநீரை அடக்க விடாதே. வாப்பாவை ஏசியதற்கு மன்னிப்புக் கேட்டுவிடு. அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் பறக்கத்தும் நீண்ட ஆயுளும் தருவானாக. இன்னும் எழுத இருக்கிறது, ஆனால் வாப்பா முன்வாசலில் இருந்து மறுபடியும் ஒரு செம்பு தண்ணீர் கேட்கிறார், கொடுக்கப் போகிறேன்.

உன் உம்மா,
உம்மு குல்தூம்